அதிகம் கத்தாத கருவி

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது கடைக்குள் நடந்து வந்து, கவுன்ட்டரில் கைப்பையை வைத்து, ஒரு கேள்வி கேட்டது.

"ரொம்பக் கண்டுபிடிக்காத டிடெக்டர் ஏதாவது வெச்சிருக்கியா, கண்ணு?"*

கேட்டவர் பெயர் பெரில். எழுபதை நெருங்குகிறவர். எங்கள் கடை லிங்கன்ஷயரில், வாரம் ஒருமுறை சந்தை கூடும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. முன்பக்கம் தூண்டிலும் புழுவும், பின்பக்கம் மெட்டல் டிடெக்டரும் விற்கிறோம். வயலில் நடந்து பழைய காசு தேடும் பைத்தியம் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவரையாவது பிடித்திருக்கும். அவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, எது அதிக ஆழம் பார்க்கும் என்றுதான். குறைவாகக் கண்டுபிடிப்பது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அன்று மதியமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(* உண்மையில் அவர் சொன்னது "டக்", அதாவது வாத்து. இந்த ஊரில் பிரியமானவர்களையும் பஸ் டிரைவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் அதையே எழுதினால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள்.)

2.

முதல் தொடக்கம்: "பனி விலகாத அக்டோபர் காலையில், அறுத்த கோதுமைத் தாள்களுக்கு நடுவே தனியாக ஒரு மனிதர்"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசியில் யாராவது சாக வேண்டியிருக்கும். இந்தக் கதையில் யாரும் சாகப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படியுங்கள்.

இரண்டாவது தொடக்கம்: "டெரிக்கின் இதயம் ஒரு பழைய டிராக்டர்"

இதுவும் வேண்டாம். டெரிக் டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படித்தால் எந்த வருடத்து டிராக்டர் என்று கேட்பார்.

நேராகவே சொல்கிறேன். டெரிக், பெரிலின் கணவர். முப்பது வருடமாக டிடெக்டரும் கையுமாக அலைந்தவர். போன வசந்தத்தில் ஒரு வயலில், தான் தோண்டிய குழியின் விளிம்பில் மண்டியிட்டபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். தேடிப்போன பெரில்தான் முதலில் பார்த்தது. ஆஸ்பத்திரி காப்பாற்றியது. தினமும் நடங்கள், கொஞ்ச நாளைக்குக் கனமான வேலை வேண்டாம் என்று அனுப்பி வைத்தார்கள். பெரில் அந்த வாரமே பழைய டிடெக்டரை விற்றுவிட்டார். டெரிக் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

"நடன்னா, எங்க போறதுக்குன்னு கேக்கறான்," என்றார் பெரில். "நாய் வாங்கலாம்னா, நாய் பாவமாம். டிடெக்டர் கையில இருந்தாத்தான் அவன் கால் நகரும். அது கத்தினா மண்டி போட்டுத் தோண்ட ஆரம்பிச்சிடுவான். இன்னொரு தடவை அவனை அந்தக் கோலத்துல என்னால பாக்க முடியாது, கண்ணு."

"அப்ப ஒண்ணுமே கத்தாததா வேணுமா?"

"அப்படின்னா ரெண்டே நாள்ல மூலையில போட்டுடுவான். எப்பவாவது கத்தணும். எங்க பையன் போன் பண்ற மாதிரி."

3.

மூன்று கருவிகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

முதலாவது, கடையிலேயே கூர்மையான காது உள்ளது. ஆணி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாள், துப்பாக்கித் தோட்டாவின் அடி மூடி என்று மண்ணுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் கத்தும். பெரில் அதைத் தொடவே இல்லை. இரண்டாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. "இதை அவன் கையில குடுத்தா மறுபடி நெஞ்சு வலி வந்த மாதிரி நடிப்பான்," என்றார்.

மூன்றாவது, எடை குறைந்தது, நல்ல பெயர் உள்ளது. அதில் ஒரு அமைப்பு உண்டு. இரும்பைக் கேட்காதே என்று சொன்னால் கேட்காது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஈயத்தாளையும் டின் மூடி வளையத்தையும்கூட விட்டுவிடும். ஆனால் விற்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. தங்க மோதிரமும் டின் மூடி வளையமும் இந்தக் கருவிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே குரல்தான். ஒன்றை வாயடைத்தால் மற்றதும் போய்விடும்.

"தங்கம் போனா போகட்டும்," என்றார் பெரில்.

அமைப்பை ஏறக்குறைய கடைசிவரை ஏற்றிக் கொடுத்தேன். அரைச் செவிடு.

(இங்கே அறம் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் காதை அடைப்பது சரியா என்று அதில் விசாரித்திருந்தேன். அந்தப் பத்தியில் நான் மிகவும் நல்லவளாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.)

4.

பலித்தது. அறுவடை முடிந்த வயலில் டெரிக் நடக்க ஆரம்பித்தார். வயல்காரர் பழைய சிநேகிதர், கிடைப்பதில் பாதி அவருக்கு என்பது வழக்கமான ஏற்பாடு. பெரில் வயலின் கேட் அருகே காரை நிறுத்தி, பிளாஸ்க்கில் தேநீரோடு உள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். டெரிக் காதில் ஹெட்போன், கையில் ஆடும் கருவி, இடுப்பில் சின்ன மண்வெட்டி. போகிறார், வருகிறார். குனிவதே இல்லை.

பெரில் எனக்கு வீட்டில் சுட்ட, உலர்பழம் போட்ட பிளம் ரொட்டி கொண்டுவந்தார், சீஸ் வைத்துச் சாப்பிடு என்ற கட்டளையோடு. "வாயே திறக்கல உன் டிடெக்டர். டாக்டருக்கே சந்தோஷம்."

நான் வீட்டுக்குப் போய்க் கதையை முடித்தேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அதில் பெரில் உயிரோடு இருந்தார். டெரிக் வெறும் இரண்டு கால்களாக இருந்தார். முப்பது வருடம் மண்ணைக் கேட்டுப் பழகிய ஒரு ஆளை, ஒரு குமிழைத் திருப்பி ஏமாற்றிவிட முடியுமா? நான் நம்பவில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள், மரியாதைக்குச் சும்மா இருந்திருப்பீர்கள்.

அதே வாரம் டெரிக் தனியாகக் கடைக்கு வந்தார்.

5.

தூண்டில் மிதவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் மீன் பிடிக்கிறவர் இல்லை.

"அந்த செட்டிங் உன் வேலைதானே?" என்றார்.

நான் கல்லாவைத் துடைத்தேன்.

"முதல் நாளே மாத்திட்டேன். பெரிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு."

"அப்ப கத்துதா?"

"கத்துதாவா? காது கிழியுது. ஆணி, தோட்டா மூடி, என்னென்னமோ."

"அப்புறம் ஏன் தோண்டறதில்ல?"

மிதவையை எடுத்த இடத்திலேயே வைத்தார். "பயமா இருக்கு, கண்ணு. குனிஞ்சாலே உள்ள ஏதோ நகர்ற மாதிரி இருக்கு. டாக்டர் ஒண்ணுமில்லங்கறாரு. அவரா குனியறாரு?"

"அவங்ககிட்ட சொல்லலாமே."

"சொன்னா அவ தூங்க மாட்டா. இப்பத்தான் தூங்கறா. மெஷின் கத்தலன்னே நினைச்சுக்கட்டும். எனக்கும் தோண்டாம இருக்க ஒரு சாக்கு ஆச்சு." கதவுவரை போய்த் திரும்பினார். "வேலியோரமா ஒரு இடம் இருக்கு. எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் ஒரே சத்தம். சுத்தமா, உருண்டையா. நல்ல சாமான்னாத்தான் அப்படிக் கேக்கும். தினம் அதை மட்டும் சுத்திக்கிட்டுப் போறேன். அடுத்த வாரம் உழுதுடுவாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம் வந்தது, என் கதைக்குள்ளிருந்து அந்த இரண்டு கால்களை உடனே தூக்கி எறிந்தேன்.

6.

இப்போது என்னிடம் இரண்டு ரகசியங்கள். டெரிக்கிடம் சொல்லாதே என்று பெரில், பெரிலிடம் சொல்லாதே என்று டெரிக். இதைத் தமிழில் எழுத அதுதான் காரணம். தமிழ் படிக்க ஆளில்லாத இந்த ஊரில் பத்திரமான பெட்டி என்று எனக்கு வேறு இல்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: வயலை உழுதுவிடுகிறார்கள். டெரிக் ஜன்னலில் இருந்து பார்க்கிறார். அழகாக வந்திருந்தது. ஆனால் அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்து எப்படி பேட்டரி விற்பேன்?

முடிவு இரண்டு: நான் பெரிலிடம் சொல்லிவிடுகிறேன். பெரில் என்னை

இல்லை, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

முடிவு மூன்று: வேலியோரத்தில் தங்கப் புதையல். அது வந்தால் கூடவே அதிகாரிகள் வருவார்கள், அருங்காட்சியகம் வரும், கதைக்குள் பெரிலுக்கு நிற்க இடம் இருக்காது.

இப்படி நான் உட்கார்ந்து வாக்கியத்தை அடித்துக்கொண்டிருக்கையில், அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்.

7.

நான் அங்கே இல்லை. இரண்டு பேரும் கடைக்கு வந்து, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொன்னதை எழுதுகிறேன்.

உழுவதற்கு முந்தின நாள். டெரிக் வேலியோரம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறார். ஹெட்போன் வயர் முள்ளில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது என்கிறார் அவர். முள்ளாவது ஒன்றாவது, அவனே பிடுங்கினான், நான் பார்த்தேன் என்கிறார் பெரில். எது சரி என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். கருவியின் சத்தம் வெளியே வந்து வயல் முழுக்கக் கேட்டது. அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பெரில் காரில் இருந்து இறங்கி, கோதுமைத் தாள்களை மிதித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"அப்ப இது கத்துது."

"கத்துது."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"நீ ஏன்டா தோண்டல?"

டெரிக் தரையைப் பார்த்தார். "பயமா இருந்துச்சு."

பெரில் அழுவார் என்று அவர் எதிர்பார்த்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பெரில் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், கண்ணில் நீர் வரும்வரை. "அட கூறுகெட்டவனே. நீ எங்க தோண்டிடுவியோன்னு நான் கார்ல உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நான் ஏன் தோண்டலன்னு நீ கேட்டுடுவியோன்னு எனக்கு உதறல்."

"எனக்கும் பயம்தான், டெரிக்," என்று சொல்லிவிட்டு, பெரில் அவர் இடுப்பில் இருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டார்.

8.

இதைக் கேட்டு முடித்தபோது எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு ரகசியமும் போயிற்று. இனி இந்தக் கதையைத் தமிழில் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இங்கேயே இருக்கட்டும், டெரிக் படித்தால் டிராக்டர் விஷயத்தில் திருத்தம் சொல்வார்.

குழியில் என்ன கிடைத்தது என்று இருவரும் சொன்னார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. வெள்ளிக் காசோ, ஈயக் குண்டோ, டின் மூடியோ, உங்கள் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். மூடும்போது புல்லையும் மண்ணையும் இருந்தபடியே வையுங்கள், வயல்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

மண்வெட்டியை மட்டும் பெரில் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். அவர் முழங்கால் மண்ணில் பதிய, வாழ்க்கையில் முதல் முறையாகத் தோண்டிக்கொண்டிருக்கட்டும். டெரிக் பக்கத்தில் நேராக நின்றபடி, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.