நாற்பத்தொரு தடவை நின்ற இதயம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் இதயத்தைப் பற்றி என்னைவிட என் அக்காவுக்கு அதிகம் தெரியும் என்பதை ஓர் எழுத்தாளன் எப்படிப் பொறுத்துக்கொள்வான்?

முதல் வரி: ‘இதயம் என்பது...’

(அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை எழுத்தாளர்கள் நாங்கள் ஏற்கெனவே பாடாய்ப் படுத்தியாயிற்று.)

அடுத்த முயற்சி: ‘கணித ஆய்வாளர் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்காக...’

(பொய். நோயாளி நான். ஆய்வாளர் அக்கா.)

2

இதயத்தில் ஓடும் மின்சாரத்தைச் சமன்பாடுகளாக்குவது அக்காவின் வேலை. என் ஸ்கேனை வைத்து என் இதயத்தையே கணினியில் கட்டியிருந்தாள். முதலில் தசைநார்களைப் பாடநூலில் உள்ளபடி அடுக்கினாளாம்; மாடல் சமர்த்தாகத் துடித்திருக்கிறது. என்னுடைய நார்களைப் போட்டதும்தான் வம்பு.

திரையில் மின் அலை மேலிருந்து இறங்கியது. பழைய மாரடைப்பு விட்டுப்போன தழும்பருகே தடுமாறி, வாலைத் துரத்தும் நாய்போல அங்கேயே சுற்றத் தொடங்கியது.

“ஒரே ஒரு துடிப்புதானா?” என்றேன்.

“இந்த ஒண்ணைப் போட மெஷினுக்கு மூணு மணி நேரம்டா. நீ வந்து உக்கார்றதுக்குள்ள உனக்கு இருபது துடிச்சிருக்கும்.”

கணக்கில் எப்போதும் கோட்டைவிட்ட எனக்குள், இத்தனை கணக்கும் என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது.

3

(இங்கே நாயகனைத் தைரியசாலியாக எழுதியிருந்தேன். நானே நம்பவில்லை.)

நாளைக் காலை மருத்துவர் தொடை வழியே மெல்லிய குழாயை விட்டு, இதயத்தில் ஒரு புள்ளியை வெப்பத்தால் சுடுவார். சரியான புள்ளி என்றால் அந்தச் சுழல் அடங்கும். தவறினால் ஒருநாள் அது என்னைக் கொண்டுபோய்விடும். மாடல் இரண்டு புள்ளிகளைக் காட்டுகிறது. எது என்று அக்கா சொல்லியாக வேண்டும்.

“எப்படிக்கா கண்டுபிடிக்கிறே?”

“மாடல்ல அலையை வேணும்னே சுத்தவிட்டு, ஒவ்வொரு இடமா சுட்டுப் பாக்கணும். தப்பான இடம்னா சுழல் அடங்காம அந்த இதயம் நின்னுடும்.” திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நாப்பத்தொரு தடவை நின்னுச்சு. நீன்னு நினைக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன். முடியலடா.”

பிறகு கீழேயிருந்த புள்ளியைத் தொட்டாள். “இதுதான். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டு மேல் புள்ளியை இன்னொரு தடவை பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: கீழ்ப் புள்ளி. பிழைக்கிறேன்.

முடிவு இரண்டு: மேல் புள்ளி. அதிலும், வெட்கமில்லாமல், பிழைக்கிறேன்.

முடிவு மூன்று: ‘மருத்துவர் வெளியே வந்து அக்காவிடம்...’

(கை ஓடவில்லை. அவள் அத்தனை தடவை செய்து பார்த்ததை என்னால் ஒரு தடவை எழுதக்கூட முடியவில்லை.)

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அக்கா தப்பான இடத்தைக் காட்டிவிட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.