உள்காற்று விளக்கு

சிரச்சாவில் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. என்னிடம் இரண்டே பதில்கள் உண்டு. ஒன்று ‘பழுது’, மற்றது ‘வண்டியின் இயல்பு’. பழுது என்று எழுதினால் நாங்கள் சரிசெய்து தரவேண்டும். ஆகவே பெரும்பாலும் இயல்பு. பதிலில் புகாரை எடுத்தெழுதக் கூடாது என்பதும் அலுவலக விதி.

செவ்வாய்க்கிழமை காலை கறுப்புச் சட்டையில் பிகுன் வந்தாள். அவள் கணவன் விச்சிட் ஒரு தொழிற்சாலை மேலாளரின் ஓட்டுநர். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மதியம், மேலாளருக்காகக் காத்திருந்தவன், தகரக் கொட்டகைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாகக் காரை நிறுத்தி, ஏசி போட்டுத் தூங்கினான். எழுந்திருக்கவில்லை. வண்டிப் புகை உள்ளே போயிருந்தது.

“ஞாயித்துக்கிழமை அவரு போய் நூறாம் நாள்ணே. பிக்குகள் வருவாங்க, சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. ‘அவ படுத்தின பாட்டுல எம்புள்ள தானாவே செத்தான்’னு மாமியார் சொல்லிட்டுத் திரியறாங்க. எம்பொண்ணு அதை நம்பி எங்கிட்ட பேசறதில்ல. வெளிக்காத்தை அடைக்கிற பொத்தானை வேணும்னே அழுத்தாம விட்டாராம். அதை அழுத்தாம அவரு தூங்கவே மாட்டாரு.”

என்னோடு வேலை பார்க்கும் கோப் பக்கத்து மேசையிலிருந்து சொன்னான்: “அழுத்தினா விளக்கு எரியணுமே அக்கா. போலீஸ் பாக்கறப்போ எரியலையாமே. தானா அணைக்க அதுல பேயா உக்காந்திருக்கு?”

“உன் வாய்க்குத்தான் தம்பி மொதல்ல ஒரு பொத்தான் வைக்கணும்.”

அதே ரகக் கார் ஒன்று முற்றத்தில் நின்றது. அதில் அவளை உட்காரவைத்து, ஏசியைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது. மணி பத்து இருபத்திரண்டு. அவள் கண் அந்த விளக்கை விட்டு நகரவில்லை. பத்து நாற்பத்திரண்டுக்கு, சத்தமில்லாமல் அது அணைந்தது. சாலையில் போன லாரியின் வாடை மெல்ல உள்ளே வந்தது.

“இது கோளாறா, வேணும்னே வச்சதா?”

“வேணும்னே வச்சதுதான்மா. கண்ணாடியில ஆவி படியாம இருக்க.”

“அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். என் கையெழுத்து. விச்சிட் இறப்பதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. ‘தாங்கள் கேட்டிருந்தது வண்டியின் இயல்பு. பழுதன்று. கவலை வேண்டாம்.’

“இதைக் காட்டினா, ‘இதுல என்னடி இருக்கு’ன்னு மாமியார் தூக்கிப் போட்டுட்டாங்க. அவரு என்ன கேட்டாருன்னே இதுல இல்லையே.”

உள்ளே போய் அந்தப் பழைய புகாரைத் தேடி எடுத்தேன். விச்சிட்டின் சாய்ந்த எழுத்து: ‘தூங்கும்போது விளக்கு தானாக அணைகிறது. புகை நாற்றம் வருகிறது. இப்படியே தூங்கலாமா?’

கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும்தான் நான் பதில் எழுதியிருந்தேன்.

புதுத் தாள் எடுத்தேன். பொத்தான், இருபது நிமிடம், அவன் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். கோப் எட்டிப் பார்த்தான். “அண்ணே, முதலாளி இதுல சீல் வைக்கமாட்டாரு.”

“என் கையெழுத்து போதும்.”

பிகுன் இரண்டு முறை படித்தாள். “கவலை வேண்டாம்னு எழுதினது யாருன்னு இதுல இல்லையே.”

அதையும் எழுதினேன். அவள் தாளை வாங்கவில்லை.

“எம்பொண்ணு முன்னாடி நீங்களே வந்து படிங்க.”

கோப் தன் வேலைக்குத் திரும்பினான்.

“எத்தனை மணிக்கு?” என்றேன்.

“பிக்குகள் வர்றதுக்கு முன்னாடி.”