சாவுக்கு வந்தவரின் கால்

சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் லெராய் மட்டும் வலது காலை முழுதாக ஊன்றவில்லை. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் ரெனே முயன்றாள். பெட்டிக்குள் இருப்பது அவள் அப்பா. இன்று ஒரு நாளாவது யாருடைய நடையையும் கவனிக்காமல், வெறும் மகளாகப் பின்னால் நடந்து போகலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் இருபது வருடம் நர்ஸாக இருந்த கண் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

தேவாலயத்து வாசலில் பனி குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்து வடக்கு டகோட்டாவில் மண் கல்லாக உறைந்து கிடக்கும். யாரும் குழி வெட்டுவதில்லை. பனி இளகும்வரை அப்பா ஆர்லின், கல்லறைத் தோட்டத்து ஓரத்துச் செங்கல் அறையில் காத்திருக்க வேண்டும். வண்டியின் கதவைச் சாத்தியதும் லெராய் மூச்சை விட்டுவிட்டு, "எதுக்கும் அவசரப்படாத மனுஷன். இதுக்கும் படல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரெனேயும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். வெண்ணெய் தடவிய பன்னில் பன்றி இறைச்சி, உருளைக்கிழங்குக் கலவை, எலுமிச்சைக் கேக் துண்டுகள், தண்ணீர் மாதிரி காப்பி. இந்த ஊரில் யார் செத்தாலும் இதுதான் சாப்பாடு. சமையலறைக்குப் பொறுப்பான லவோன், ரெனே கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி வைத்தாள்.

"செத்தது உங்கப்பா. போய் உக்காரும்மா, பன்னை நாங்க பாத்துக்கறோம்."

உட்கார்ந்தால் யோசனை வரும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஊரின் ஒரே டாக்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போன பிறகு கிளினிக் ஏறக்குறைய மூன்று வருடம் பூட்டிக் கிடந்தது. ரத்த அழுத்த மாத்திரைக்காக அப்பா பனிச் சாலையில் எழுபது மைல் ஓட்டிப் போய் வந்தார். ரெனே நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, சமையலறை மேஜையில் புத்தகங்களைப் பரப்பிப் படித்து, பரீட்சை எழுதி, நர்ஸ் பிராக்டிஷனர் ஆனாள். கிளினிக் அவளுக்காகத் திறந்தது. இப்போது நோய் இன்னதென்று சொல்வதும் மருந்து எழுதுவதும் அவள்தான். அப்பா டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம், "எம் பொண்ணு இப்ப டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் இல்லை என்று அவள் ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். "எழுதிக் குடுக்கறியா இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவர் காப்பியைக் குடிப்பார்.

எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள். நர்ஸாக இருந்த காலத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் மேலே ஓர் ஆள் இருந்தார். இந்த ஊர் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால் கிளினிக் டாக்டரைக் கூப்பிட்டு, இப்படி இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டால் போதும். இப்போதும் நகரத்தில் யாரையாவது கேட்கலாம். ஆனால் கேட்ட பிறகும் முடிவு அவளுடையதாகவே இருந்தது.

பிறகு அப்பா படுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் வேறொருத்தி. மருந்தின் அளவை அவள் யாரிடமோ கேட்டுச் சொன்னாள். ரெனே ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அந்த நாட்களில், அத்தனை துக்கத்துக்கு நடுவிலும், தோளிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது. அப்பா போன மறுநாள் காலையில் அவள் கணவன் கர்ட்டிடம் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை கிளினிக்காரர்களிடம் பேசப் போகிறாள். பழையபடி ஆஸ்பத்திரி நர்ஸாகவே போய்விடுவாள். கிளினிக் திரும்பவும் பூட்டப்படும் என்பது கர்ட்டுக்குத் தெரியும். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பனியை வழிக்கப் போனான்.

லெராய் சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் சின்ன அறையில், குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஐம்பது வருட நண்பர். குளிர்காலத்தை அரிசோனாவில் கழிப்பவர். பெட்டி தூக்கத் தன் தோளும் வேண்டும் என்று இரண்டு நாள் ஒரே ஓட்டமாக வண்டி ஓட்டி வந்திருந்தார்.

"காட்டுங்க."

"காட்டறதுக்கு என்ன இருக்கு? உக்காந்தே வந்தேன், புடிச்சிக்கிச்சி. நீ போய் சாப்பிடு பொண்ணே."

அவள் தரையில் மண்டியிட்டுக் கால்சட்டையைச் சுருட்டினாள். வலது கெண்டைக்கால் இடதைவிட நன்றாகப் பருத்து, சூடாக இருந்தது. காலுறையின் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. லேசாக அமுக்கியதும் லெராய் பல்லைக் கடித்தார். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளை முடித்துவிடும்.

அவள் கை தானாகவே கைபேசியை எடுத்து, நர்ஸாக இருபது வருடம் கூப்பிட்டுப் பழகிய கிளினிக் எண்ணை அழுத்தியது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது மணியில், சுவரில் மாட்டியிருந்த அவளுடைய கோட்டுக்குள்ளிருந்து ஒரு போன் அலறியது. கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் வருகிற அழைப்புகளுக்காக அவளிடம் கொடுத்திருந்த போன்.

லெராய் கோட்டைப் பார்த்தார். "யாரோ கூப்பிடறாங்க பாரு."

"அது கிளினிக் போன்."

"அவசரமா இருக்கப் போவுது, எடு. யாரு கூப்பிடறது?"

"நான்தான்."

லெராய் அவளையும் அவள் காதிலிருந்த கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நல்லவேளை," என்றார் நிதானமாக. "லைன் கிடைச்சிருச்சு."

அவள் துண்டித்தாள். கோட்டுக்குள் சத்தம் நின்றது. காதில் சூடு ஏறியது. பிள்ளைகள் வரைந்து ஒட்டியிருந்த நோவாவின் கப்பலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேள்விகளைக் கேட்கத் தொடங்கினாள். நெஞ்சு வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, மலத்தில் ரத்தம் போனதுண்டா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வேறென்ன மாத்திரைகள். லெராய் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். குடிப்பதுண்டா என்றபோது மட்டும், "இன்னிக்கு உங்கப்பனுக்காக ஒரு வாய்" என்றார். அவர் நாடியையும் மூச்சையும் எண்ணினாள். இரண்டும் சீராக இருந்தன.

கர்ட் தலையை நீட்டி, பனிக்காக நெடுஞ்சாலையின் தடுப்புக் கதவுகளைப் போட்டு மூடிவிட்டார்கள், காலைவரை எந்த வண்டியும் போகாது என்றான். ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி எழுபது மைலுக்கு அப்பால் இருந்தது.

அங்கே கூப்பிட்டாள். எடுத்த டாக்டரிடம் காலின் நிலையைச் சொன்னாள். என்ன செய்யட்டும் என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல், ரத்தம் உறையாமலிருக்க இப்போதே மாத்திரை ஆரம்பிக்கிறேன், இரவு என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், சாலை திறந்ததும் ஸ்கேனுக்கு அனுப்புகிறேன் என்றாள். மறுமுனையில் ஒரு கணம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. சரி, காலையில் இடம் வைக்கிறோம், ஸ்கேனுக்கு எழுதித் தருவது யார் என்று கேட்டார்கள். அவள் தன் பெயரைச் சொன்னாள்.

கிளினிக் தெருவுக்கு எதிர்ப்பக்கம். சாவுக்கு உடுத்திய கறுப்புப் பாவாடையோடு முழங்கால் பனியில் இறங்கி, போய், அலமாரியைத் திறந்து, மருந்தோடு திரும்பி வந்தாள். லெராய் இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் வாங்கி, விதை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு விழுங்கினார்.

"ராத்திரி மூச்சு முட்டினா, நெஞ்சு வலிச்சா, உடனே எழுப்பணும். கௌரவம் பாக்கக் கூடாது."

"உங்கப்பன் இருந்தா இந்நேரம் டீக்கடையில எங்காலைப் பத்தித்தான் பேச்சு." காலுறையை மேலே இழுத்தவர் நிறுத்தினார். "ஸ்கேன் எடுத்தப்புறம்? மறுபடி எங்க காட்டணும், அந்த டவுன்லயேவா?"

 மேலே யாரோ பியானோவின் மூடியைச் சாத்தினார்கள்.

"திங்கட்கிழமை காலைல கிளினிக்குக்கு வந்துடுங்க. நான் பாக்கறேன்."

கதவருகே நின்றிருந்த கர்ட் உள்ளே வந்தான். லெராயின் கைக்கு அடியில் தோளைக் கொடுத்து, அவரை மெதுவாக எழுப்பினான்.

அவர்கள் பின்னால் ரெனே வெளியே வந்தாள். அறைவாசலில், சுவரை ஒட்டிப் போட்டிருந்த குட்டி நாற்காலிகளில், மடியில் எலுமிச்சைக் கேக் தட்டுகளோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் லவோன். ரத்த அழுத்தம் பார்க்கத் தோதாக அவள் சட்டையின் ஒரு கை முழங்கைக்கு மேல் சுருட்டப்பட்டிருந்தது.

"இன்னிக்குப் போய் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டோம்மா. சும்மா உக்காந்திருக்கோம்."

ரெனே அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மென்றுகொண்டே குனிந்து, காலியாகக் கிடந்த நாற்காலியை லவோனின் பக்கமாக இழுத்துப் போட்டாள்.