பொலித்தீன் உரிக்காத கதவு

தியாகலிங்கத்தின் கராச் கதவுக்கு வருத்தம் என்பது அவர் ஒருவரைத் தவிர ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்திருந்தது. அதை முதலில் பிடித்தவள் அவருடைய மனைவி மீனாம்பிகை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. அந்தக் கதவு அவளுக்கு ஒரு வெள்ளைப் புகை, அவ்வளவுதான். ஆனால் சத்தத்தில் அவளை ஏமாற்ற முடியாது. முன்பெல்லாம் ஒரே சீராக முனகிக்கொண்டு ஏறிய றோலர் கதவு, பங்குனிக்குப் பிறகு பாதி வழியில் மூச்சைப் பிடித்து நின்றுதான் மிச்சம் ஏறியது. இறங்கும்போது கடைசி முழத்தில் தொப்பென்று விழுந்தது. அது விழும்போதெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் என் குசினியில் கோப்பைகள் கிலுங்கும்.

"இஞ்சாருங்கோ, கதவு இழுத்து இழுத்து ஏறுது. ஆரையும் கூட்டிவந்து ஒருக்கால் காட்டுங்கோவன்."

"கண் தெரியாத உனக்குக் கதவு தெரியுதோ?"

"காது கேக்குதுதானே."

"கேட்டுக்கொண்டு இரு."

தியாகலிங்கம் முப்பத்துமூன்று வருடம் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். ஒரு பைலை மேசையில் கிடக்க விட்டால் அது தானாகச் சரிவந்துவிடும் என்று அங்கே கற்றுக்கொண்டார். கதவுக்கும் அதையே செய்தார்.

கதவு டென்மார்க்கிலிருந்து வந்தது. மகன் மயூரதன் கொள்கலனில் போட்டு அனுப்பியது. அதை ஒட்டி வந்த மெல்லிய பொலித்தீன் உறையை ஒரு வருடமாகியும் அவர் உரிக்கவில்லை. அந்த வீட்டில் எதையும் உரிப்பதில்லை. செற்றியில் பொலித்தீன், குளிர்சாதனப்பெட்டியின் கைபிடியில் பொலித்தீன், கார் இருக்கைகளில் பொலித்தீன். வருகிறவர்கள் இருந்தால் கிறீச்சென்று சத்தம், எழும்பினால் தொடையோடு சேர்ந்து உறையும் எழும்பும். மயூரதன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, கதவைப் புத்தம்புதிதாகப் பார்த்து, தன் கையால் உரிக்க வேண்டுமாம். அதுவரை ஒருவரும் தொடக்கூடாது. எங்களூர் வெயில் அவருடைய உத்தரவைக் கேட்கவில்லை. பொலித்தீன் இளகி, பிலாப்பால் மாதிரிப் பிசுபிசுத்து, கதவு சுருளும்போதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

அவர் வைத்தியமும் செய்தார். ஓரத்துத் தண்டவாளங்களில் நல்லெண்ணெய் விட்டார். எங்கள் செம்மண் புழுதி அதில் படிந்து, இரண்டு பக்கமும் சிவப்புக் களி அப்பியது. பிறகு கரண்ட் காணாது என்றார். அதன்பிறகு றிமோட்டுக்குப் புதுப் பற்றறி போட்டு, அதை உள்ளங்கையில் தட்டித் தட்டிக் கதவைப் பார்த்து நீட்டினார். பள்ளிக்கூடத்தில் அடிக்கப் போகும் வாத்தியார் பிரம்பை நீட்டுவதுபோல.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகவே போயிருக்கும், மீனாம்பிகையின் கண் மட்டும் இல்லாவிட்டால். அவளுக்கு எட்டு மாதம் காத்திருந்து திகதி கிடைத்திருந்தது. வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் நிற்க வேண்டும், வலக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. தவறினால் மறுபடி வரிசையின் வால். போகிற கார் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றது. ஓட்டோவில் போகலாமே என்று அவள் கேட்டதற்கு, வெளிநாட்டில் மகன் இருக்க, பெண்சாதி ஓட்டோவில் போய் இறங்கினால் சனம் என்ன கதைக்கும் என்று அவர் கேட்டாராம். சனம் ஏற்கெனவே கதைத்துக்கொண்டுதான் இருந்தது.

கராச்சுக்குள் போக வேறு வழியும் இல்லை. கட்டும்போது குசினியிலிருந்து ஒரு சின்னக் கதவு இருந்தது. குடிபூரலுக்கு முதல் மாதம், வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்து, அந்த வழியால் சம்பத்து வெளியேறும் என்று சொன்னார். தியாகலிங்கம் அடுத்த நாளே கல்லடுக்கிப் பூசிவிட்டார். அவருடைய சம்பத்து அதன்பிறகு உள்ளே பத்திரமாக இருந்தது.

செவ்வாய்க்கு ஐந்து நாள் இருக்க, மீனாம்பிகை என்னிடம் இலக்கம் வாங்கிக் கனிசியஸுக்குத் தானே அழைப்பு எடுத்தாள். கனிசியஸ் கடற்கரைப் பக்கத்துக் கொழும்புத்துறைக்காரர், ஐம்பது வயதிருக்கும், டவுனில் கடைகளுக்கெல்லாம் றோலர் கதவு பூட்டுகிறவர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். றிமோட்டைக் கையாலும் தொடவில்லை. தியாகலிங்கம் பாதி ஏற்றிவிட்டிருந்த கதவுக்கு நேர்கீழே முதலில் இரண்டு கல்லை அடுக்கி வைத்தார். உள்ளே தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கதவை இடுப்பளவுக்குத் தூக்கி, கையை எடுத்தார். நல்ல கதவென்றால் விட்ட இடத்தில் நிற்குமாம். இது கத்தி மாதிரி இறங்கிக் கல்லில் மோதியது. பிறகு அதன் அடிச்சட்டத்தைக் காட்டினார். இடப்பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது.

நான் மதிலடியில் கறிவேப்பிலை பிடுங்கிக்கொண்டு நின்றேன். கறிக்கு அவ்வளவு தேவையில்லைதான்.

"ஐயா, உந்தக் கதவை இனிப் பாவிக்காதேங்கோ. உள்ளுக்கை இருக்கிற ஸ்பிறிங் களைச்சுப் போச்சு. பாரத்தைத் தூக்கிறது அதுதான், மோட்டர் இல்லை. அது உடைஞ்சால் பிறகு நாலு ஆம்பிளையள் வேணும் கதவை அசைக்க."

"உது டென்மார்க் கதவு. நீர் பூட்டிற கடைக் கதவில்லை."

"டென்மார்க்கிலை பூட்டின அண்டைக்கே உந்தப் பொலித்தீனை உரிச்சிருப்பினம். ஒட்டின கதவை இழுத்து இழுத்துத்தான் உது களைச்சது. இண்டைக்கே உரிப்பம். புது ஸ்பிறிங் கொழும்பாலை வர ஒரு கிழமை செல்லும். அதுவரைக்கும் காரை வெளியிலை விடுங்கோ."

"உரிக்கிறதோ? மகன் வந்துதான் உரிப்பார். உமக்குப் புதுச் சாமான் விக்க வேணும், அதுக்கு என்ரை கதவிலை வருத்தம் பிடிக்கிறீர். நான் முப்பத்திமூண்டு வருசம் கந்தோரிலை இருந்தனான், எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"இருந்தவைக்கு உது விளங்காது ஐயா. தூக்கினவைக்குத்தான் விளங்கும்."

மீனாம்பிகை தேத்தண்ணி கொண்டுவந்தாள். தியாகலிங்கம் அவள் கையிலிருந்த பீங்கான் கோப்பையைப் பார்த்து, உள்ளே போய் மற்றதில் ஊற்றிவரச் சொன்னார். மற்றது, குடித்தபின் எறிகிற பிளாஸ்ரிக் கோப்பை. கொழும்புத்துறையிலிருந்து வருகிறவர்களுக்கென்று, சாதி பார்த்தே ஒரு கட்டு அந்த வீட்டில் இருக்கும். டென்மார்க்கில் மகன் யார் கோப்பையில் குடிக்கிறான் என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. அவள் அசையாமல் நின்றாள். கனிசியஸ் தனக்குச் சீனி வருத்தம் என்று பதமாகச் சொல்லி, சாவியைப் போட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். போகும்போது அவளுக்கு மட்டும் சொன்னார்:

"அம்மா, செவ்வாய்க்கிழமைக்கு உந்தக் கதவை நம்பாதேங்கோ."

காரை வெளியில் விடலாம் என்று அவள் ஐந்து நாளும் சொன்னாள். வெயிலில் விட்டால் இருக்கைப் பொலித்தீன் பழுதாகும் என்று அவர் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வெளிக்கிட்டுப் போய் நின்றேன். ஆசுப்பத்திரிப் பெண்கள் விடுதியில் கூட நிற்க ஒரு பெண் வேண்டும், அதற்கு நான். மீனாம்பிகை குளித்து, தோய்த்து மடித்த சேலை உடுத்து, ஆசுப்பத்திரிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். தியாகலிங்கம் கதவைப் பார்த்து றிமோட்டை நீட்டினார். கதவு இடுப்பளவுக்கு ஏறி நின்றுவிட்டது.

"விடுங்கோ. ஓட்டோவிலை போவம்."

"பேய்க்கதை கதையாதை. ஒருக்கால் முழுக்க இறக்கிப்போட்டு ஏத்தினால் சரி. உதின்ரை பழக்கம் எனக்குத் தெரியும்."

றிமோட்டுக்குக் கதவு மறுபடி அசையாததால், வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து உள்ளே நுழைந்தார். சுவரில் இருந்த பொத்தானை அமத்தியிருக்க வேண்டும். கதவு கரகரத்து இறங்கி நிலத்தில் குத்தியது. பிறகு ஏற முயன்றது. பொலித்தீன் கிழிகிற ஓசை, மோட்டர் இழுக்கிற ஓசை, அதன்மேல் ஒரு வெடிச்சத்தம். நானும் மீனாம்பிகையும் ஒருவரையொருவர் பார்க்காமலே நிலத்தில் குந்திவிட்டோம். இந்த ஊரில் எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தத்துக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியாது. நாய்கள் குரைத்து ஓய்ந்தபிறகுதான் அது கதவின் ஸ்பிறிங் என்று எனக்கு உறைத்தது.

உள்ளிருந்து, "மீனா" என்றார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அடி ஏதும் பட்டதோ?"

"இல்லை. கரண்ட் நிண்டிட்டுதோ எண்டு பார்."

கரண்ட் இருந்தது. விறாந்தையில் விளக்கு எரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சட்டத்தில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தோம். பனைமரத்தைத் தூக்கச் சொன்னதுபோல இருந்தது. உள்ளே அவர் சிவப்புக் கயிற்றை இழுத்தார், பொத்தானை அமத்தினார், கடைசியில் கதவை உதைத்தார். அதற்கும் அது அசையவில்லை.

மீனாம்பிகை கனிசியஸுக்கு எடுத்தாள். அவர் கேட்டவை எல்லாம் ஒழுங்கான கேள்விகள். ஐயா கதவுக்குக் கீழே இல்லையே, மேலே காற்று வர ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் உள்ளே இருக்கிறதா. இருந்தது, காரில் இரண்டு போத்தல். காரை மட்டும் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று அழுத்திச் சொல்லச் சொன்னார், புகை மூச்சை அடைக்கும். ஆட்களோடு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றார். ஐந்து நாளைக்கு முந்திய கதையில் ஒரு சொல்லும் அவர் எடுக்கவில்லை. நானென்றால் எடுத்திருப்பேன்.

மணி ஆறரை தாண்டிவிட்டது.

"ஆள் வந்து திறக்கட்டும்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல். கந்தோர்த் தோரணை திரும்பியிருந்தது. "காரிலையே போவம். கொஞ்சம் பிந்தினால் என்ன, டொக்டர் எங்கை ஓடப்போறார்."

"எட்டு மாசம்."

"என்ன?"

"எட்டு மாசம் இந்தத் திகதிக்குப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"அடுத்த திகதி எடுக்கலாம். நான் ஆக்களைப் பிடிச்சு எடுத்துத் தாறன்."

மீனாம்பிகை கதவுக்குக் கிட்டப் போனாள். அவ்வளவு கிட்டப் போனால்தான் அவளுக்கு அது கதவாகத் தெரியும். கிழிந்து தொங்கிய பொலித்தீனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, இரகசியம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டும் இல்லை. காத்து வருது, தண்ணி இருக்கு, சாஞ்சு இருக்க சீற் இருக்கு. காரை ஸ்ராட் பண்ணாதேங்கோ. நான் ஆசுப்பத்திரிக்குப் போட்டு வாறன்."

"என்னை இதுக்குள்ளை விட்டிட்டோ?"

"நான் வெளியிலை நிண்டால் கதவு கெதியா ஏறுமோ?"

ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருக்கும் பிரகலாதனுக்கு நான் எடுத்தேன். ஒருவரும் இல்லாமல் விட்டுப் போவது சரியில்லை என்பதால், பக்கத்து வளவு பாலேஸ்வரியையும் கூப்பிட்டேன். அவள் கதிரையும் செம்பில் தேத்தண்ணியும் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் வசதியாக இருந்தாள். பாலேஸ்வரிக்கு இரண்டு முழங்காலிலும் வாதம், அதைப் பற்றிக் கேட்க இதுவரை யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. ஓட்டோ திரும்பும்போது அவள் இடது காலைத் தொடங்கியிருந்தாள். உள்ளிருந்து, "ஓம், ஓம்" என்று கேட்டது.

ஏழு இருபத்தைந்துக்கு ஆசுப்பத்திரி வாசலில் இறங்கினோம். இறங்கியதை ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், கொப்பியைப் பார்த்தார்கள், கண்ணுக்குத் துளி விட்டார்கள். கூட வந்தது யார் என்று தாதி கேட்டபோது, அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். கணவர் இல்லையா என்றதற்கு, வீட்டில் நிற்கிறார் என்றாள். பொய்யும் இல்லை.

பதினொரு மணிக்கு, வலக்கண்ணில் பஞ்சுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் தொலைபேசி அடித்தது. தியாகலிங்கம். கனிசியஸ் நாலு பேரோடு வந்து கதவை நிமிர்த்திவிட்டார், பொலித்தீனை உரித்துப் பழைய பேப்பர் மாதிரிக் குவித்துவிட்டார், இனி மயூரதனுக்கு என்ன சொல்வது, உடைந்தது கொழும்புத்துறையானின் கை பட்டதால்தான், ஒழுங்கைச் சனம் வந்து நின்று பார்த்தது, பாலேஸ்வரி சிரித்தாள், வீட்டில் காலைச் சாப்பாடு இல்லை, அவள் எப்போது வருவாள். மூச்சு விடாமல் சொன்னார். கண்ணைப் பற்றி ஒரு கேள்வி வரும் என்று நான் கடைசிவரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் அக்கா?"

"உன்ரை மனுசன்தான். நீ எப்ப வருவாய் எண்டு கேக்கிறார்."

மீனாம்பிகை தலையணையைச் சரியாக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"உந்தப் போனை நிப்பாட்டி விடுங்கோ. கொஞ்சம் படுக்கப் போறன்."