ஐடாவின் சர்வர்

தங்க மைன் மூடிய வருஷம் ஐடாவும் அவள் தம்பி ஜெயகரனும் ஆண்டர்சன்பேட்டை வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்கள். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைட் மண்மேடுகளின் மேல் பைக் ரேஸ். புரோகிராம் அவளுடையது, படங்கள் அவனுடையவை. அப்பா பர்னபாஸுக்கு மைன் வேலை போய்விட்டது. பெங்களூர் கம்பெனி ஒன்று கேமைப் பார்க்க ஒப்புக்கொண்டதுதான் வீட்டில் மிச்சமிருந்த நம்பிக்கை.

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே எல்லாம் பிளாப்பியில்தான் போய்வந்தது. ஒருநாள் ஜெயகரன் தன் பழைய ஃபைல்களை அவளுடைய புதியவற்றின் மேல் காப்பி செய்துவிட்டான். பைக் மேடேறும் கணக்கு முழுவதும் அழிந்தது.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?" ஐடா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"தெரியாம பண்ட்டேன்க்கா."

அழிந்ததை மறுபடி எழுதிக்கொண்டே, தன் கம்ப்யூட்டரில் சி.வி.எஸ். சர்வர் ஒன்றை அமைத்தாள். யார் எதை மாற்றினாலும் பழையதையும் விடாமல் சேர்த்துவைக்கும் அது. கேபிள் இழுத்தாள், நெட்வொர்க் கார்டோடு மல்லுக்கட்டினாள். ஒருவழியாக ஓடியது.

"இனிமே இதுலேர்ந்துதான் எடுக்கணும், இதுலதான் போடணும்."

"என் மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லு."

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. சர்வரைத் தொடுவதாகவும் தெரியவில்லை.

பெங்களூர் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஐடாவின் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்து நின்றுபோனது. சர்வரும் அதில்தான், அவள் எழுதியதெல்லாமும் அதில்தான். சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஜெபம் பண்ணினாள். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் பூட்ச்சுடா."

ஜெயகரன் கிட்டே வந்து நின்றான். "எங்கிட்ட இருக்குக்கா."

"உங்கிட்ட இருக்கறது பழசு."

"இல்லக்கா. தெனம் சர்வர்லேர்ந்து எடுத்துனுதான் இருந்தேன். இன்னிக்கி காலையிலகூட எடுத்தேன்."

"சொல்லவேயில்லையே நீ!"

"கோவத்துல இருந்தேன்."

அவன் கம்ப்யூட்டரில் பைக் மேடேறியது. காலைக்குப் பிறகு அவள் சரிசெய்தது மட்டும் இல்லை. அதை மறுபடி எழுத உட்கார்ந்தால் கரண்ட் நிலையாக இல்லை; எழுதி முடிக்க முடியவில்லை.

மறுநாள் அவன் சிபியூவைப் போர்வையில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். கம்பெனியில் மஞ்சுநாத் என்பவர் விளையாடிப் பார்த்தார். முந்தின நாள் அவள் சரிசெய்திருந்த அதே இடத்தில், மேட்டின் உச்சியில், பைக் சிக்கி நின்றது.

"இன்னும் முடியலையேம்மா," என்றார். "முடிச்சு எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்."

திரும்பும் ரயிலில் ஐடா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அழுதாள். பங்காருபேட்டை வந்தபோது ஜெயகரன் அவள் தோளைத் தொட்டான்.

"வேற டிஸ்க் பார்த்து சர்வரைத் திரும்பப் போடலாம்க்கா. இந்த தபா எனக்கும் சொல்லிக் குடு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். எதை முதலில் போடவேண்டும் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.