கொள்ளிக்கு ஒரு குடுமி

கிராப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டவர் பாக்கியநாதன். பீச் ஸ்திரீட்டில் ஒரு அரிசிக் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரின் தலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருநாவுக்கரசு, கம்பெனியில ஒரு கிராணி வேல காலியா இருக்கு. ஆனா இந்தக் குடுமியோட வந்தா துரை உள்ளயே விடமாட்டாரு. கிராப்பு வெட்டிக்கிட்டு வா லா."

துரை அப்படிச் சொன்னாரா என்று இவர் கேட்கவே இல்லை. சாயந்திரம் இங்கிலீஷ் அகராதியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சொல் முதலில் செடியின் உச்சிக்குப் பெயராம். பறவை இரையைச் சேர்த்துவைக்கும் தொண்டைப் பைக்கும் அதே பெயராம். பிறகு வயலில் விளைந்த கதிருக்கு வந்து, கதிர் அறுப்புக்குப் போய், கடைசியில் தலைமயிரில் வந்து நின்றதாம்.

"விளைச்சலுக்கும் வெட்டுக்கும் ஒரே சொல், பாரேன்!" என்று பூரித்துப்போனார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இந்த அர்த்தத்தையெல்லாம் மாமாகிட்ட சொல்லிப் பாருங்க" என்றேன்.

மாமா, அதாவது என் மாமனார், கோயிலில் ஓதுவார். இவர் அவருக்கு ஒரே பிள்ளை. மறுநாள் சூலியா ஸ்திரீட் நாவிதரிடம் தலையைக் கொடுத்துவிட்டு வந்து நின்ற பிள்ளையை மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"குடுமி இல்லாதவன் என் பொணத்தத் தொடக் கூடாது. எனக்குச் சிற்றம்பலம் கொள்ளி வைப்பான்" என்றார்.

சிற்றம்பலம் மாமாவின் தம்பி மகன். எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். அவனுக்கும் குடுமி உண்டு, வேறு எதுவும் கிடையாது.

நான் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். "மயிர்தானே மாமா, வளராதா?"

"வளரட்டும். முடிஞ்சு நிக்கட்டும். அப்ப அவன் என் புள்ள."

இவர் கம்பெனிக்குப் போன அன்று நல்ல மழை. குடை பிடிக்கச் சிற்றம்பலமும் கூடப் போனான். துரை இவர் தலையைப் பார்த்து முகம் சுளித்தாராம். கடைத்தெருவில் முதலாளிமார்களிடம் போய்ப் பேசத்தான் அவருக்கு ஆள் வேண்டுமாம். கிராப்புக்காரனை அவர்கள் நம்புவதில்லை என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் நனைந்த குடையோடு நின்றவனைக் காட்டி, "அவன் யார்?" என்று கேட்டாராம்.

வேலை சிற்றம்பலத்துக்கு. பாக்கியநாதன் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

வேலை போனால் போகிறது, கொள்ளியாவது மிஞ்ச வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தினமும் இவர் தலையில் வைத்துத் தேய்த்தேன். உள்ளறையில் மாமாவின் இருமல் நாளுக்கு நாள் மோசமானது. இவர் மயிரோ ஆடி அசைந்து வளர்ந்தது. அவசரத்துக்கு ஆகாத மயிர்.

மாமா ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். ஆட்கள் கூடுவதற்குள் இவரைக் கொல்லைப்பக்கம் உட்காரவைத்து, மயிரை அள்ளிக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டினேன். நின்றது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

வாசலில் நெருப்புச் சட்டியை எடுக்க இவர் குனிந்தார். நூல் நழுவியது. மயிர் பொலபொலவென்று கழுத்தைச் சுற்றி விழுந்தது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செத்தவரு சொன்ன வார்த்த" என்றார் ஒருவர்.

சட்டியைச் சிற்றம்பலம் தூக்கினான். பெற்ற பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தார். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

வருஷத் திதி வந்தது. இதற்குள் இவருக்கு மயிர் நன்றாக வளர்ந்துவிட்டது. எந்த நூலும் இல்லாமல் முடிந்து நின்றது. கொள்ளி வைத்தவன்தான் திதியும் கொடுக்க வேண்டும் என்பதால் எல்லாரும் சிற்றம்பலத்துக்காகக் காத்திருந்தோம். வந்தான். நடுவகிடு எடுத்து, வாசனைத் தைலம் தடவி, பளபளவென்று ஒரு கிராப்பு.

நான் பெரியவர்களைப் பார்த்தேன். அவர்கள் இலையைப் பார்த்தார்கள். அவர்கள் கடைகளுக்கு அரிசி போகிற கம்பெனி ஆளாயிற்றே.

"துரை ஒண்ணும் சொல்லலியா?" என்று நானே கேட்டேன்.

"இப்ப எல்லா முதலாளி வீட்டுப் பையன்களும் கிராப்புத்தானே அண்ணி" என்று சிரித்தான். பிறகு இவர் பக்கம் திரும்பி, "என்ன அண்ணே, இன்னுமா குடுமி? இந்தக் காலத்துல யாரு வச்சுக்கிறா? ஒரு நல்ல கிராப்பா வெட்டிக்குங்க லா" என்றான்.

இவர் கை ஒரு தடவை பின்னந்தலைக்குப் போய்விட்டு வந்தது.

அன்று "செத்தவரு சொன்ன வார்த்த" என்ற அதே பெரியவர் பிண்டத்தை எடுத்துச் சிற்றம்பலம் கையில் கொடுத்தார். அதைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. தட்டிவிடவில்லை. திதி முடிந்ததும் முதல் இலையில் அவனை உட்காரவைத்து, நான்தான் சோறு போட்டேன்.