அக்காவுக்கு அழுகை வரவில்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டாள். எனக்கோ மாதக்கணக்கில் ஒரு வரிகூட ஓடவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு சோகம் இருக்க, வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

‘மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம்...’

(பெய்யவில்லை. மனச்சோர்வு என்றாலே எழுத்தாளனுக்கு மழை வந்துவிடுகிறது. அக்கா படுத்துக் கிடந்த மாதங்களில் வெயில் மண்டையைப் பிளந்தது.)

அக்கா டப்பிங் பேசுபவள். வேற்றுமொழித் தொடர்களில் வரும் அம்மாக்களுக்கும் விதவைகளுக்கும் நம் மொழியில் அழுபவள். மற்றவர்கள் அழுவதுபோல் பேசுவார்கள். இவள் நிஜமாகவே அழுவாள், மூக்கு அடைக்கும். அந்த மூக்கடைத்த குரலுக்குத்தான் மவுசு.

2

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க ஓர் உவமை தேடினேன். ‘மூளை ஒரு மாபெரும் தபால் நிலை...’

(வேண்டாம். டாக்டரையே கேட்டுவிடலாம்.)

“ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்ல செரட்டோனின்ங்கிற ரசாயனத்தை வெளிய விடும். சொல்லி முடிச்சதும் திரும்ப உள்ள இழுத்துக்கும். இந்த மாத்திரை அந்த இழுப்பைத் தடுக்குது. அதனால அது நடுவுல கொஞ்சம் அதிக நேரம் நிக்கும்.”

“அப்ப குறைஞ்சுபோனதை நிரப்புதுன்னு சொல்லுங்க.”

“அப்படி லேசா சொல்லிடறாங்க. தடுக்கிற வேலை உடனே ஆரம்பிச்சிடுது, மனசு தேற வாரக்கணக்காகுது. நடுவுல என்னதான் நடக்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது.”

இவரைக் கதையில் எப்படி வைத்துக்கொள்வது? கதை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எல்லாம் தெரிந்தவராகப் பேச வேண்டாமா?

பலன் வரும் முன்பே பக்கவிளைவுகள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டன. குமட்டல். தூக்கக்கேடு. வாய் வறட்சி. (அடிக்குறிப்பு: வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டி விலகும் சத்தத்தை மைக் விடாது. மகனை மன்னிக்கும் தாய் மிட்டாய் சப்புவதுபோல் கேட்டது.) அத்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்ததற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டு. (இந்த வரியை அக்கா அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.)

பிறகு ஒருநாள் தானாக எழுந்து குளித்தாள். மாடி வீட்டுக்காரியோடு தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் கேலி எதுவும் இல்லை.

3

சிக்கல், தொடரில் அவள் குரல் கொடுக்கும் அம்மாவின் மகன் செத்தபோது வந்தது. அக்கா பேசினாள், உதட்டசைவு பிசகவில்லை. அழுகைதான் வரவில்லை.

“வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து ரூம்ல யாருக்கோ நடக்குற மாதிரி இருக்கு” என்றாள்.

“சுத்தமா இருக்கும்மா, அதுதான் பிரச்சினையே” என்றார் டப்பிங் டைரக்டர். “மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்களேன். கிளைமாக்ஸுக்கு மட்டும். அப்புறம் போட்டுக்கலாம்.”

எதையும் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், விட்ட இடத்தில் ஒட்டலாம் என்று பழகிப்போன தொழில். உடம்பையும் அப்படியே நினைத்துவிட்டார்கள். அக்காவும் நினைத்தாள், நிறுத்தினாள். தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்ததுபோல் இருந்தது. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை மட்டும் எட்டிப்பார்க்கவில்லை.

டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார். “அழுகை மரத்துப்போனதைச் சரிபண்ண வழி இருக்கு. அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரை மாத்தலாம். ஆனா நான் பார்த்துப் பார்த்துத்தான் செய்யணும், வாரக்கணக்காகும். நீங்களா நிறுத்தினா பழையபடி படுத்துடுவீங்க.”

டைரக்டர் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பார். வேறொரு குரல் தயாராக இருக்கிறது.

“அந்தம்மாவுக்கு முதல் எபிசோட்ல இருந்து நான்தான்டா பேசறேன். அவ புள்ள செத்தா நான்தானே அழணும்?” என்றாள் அக்கா. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

4

முடிவு அ: மாத்திரையைக் குப்பையில் வீசுகிறாள். எப்படியோ அழுகை வருகிறது. மைக் முன் உடைந்து அழுகிறாள். சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார். கலை வென்றது. (பிறகு மறுபடி படுக்கைதான். அது கதை முடிந்தபின் நடப்பதால் எழுத வேண்டியதில்லை.)

முடிவு ஆ: வேறொருத்தி அழுகிறாள். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள்.

எழுதியதை அவளிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

“ரெண்டாவதுல என்ன குறை?”

“ஒண்ணுமே நடக்கலையே அக்கா.”

“ஒண்ணும் நடக்காம ஒரு நாள் போகணும்னுதான்டா அந்த மாத்திரையே” என்றாள். தாளைத் திருப்பித் தந்து, “முதலாவதை ரசிச்சு எழுதியிருக்க. நான் படுத்துக் கிடந்தப்பகூட நீ என்னை இவ்வளவு பக்கத்துல வந்து பார்க்கல” என்றாள்.

‘ஆனாலும் கலைஞன் என்பவன்...’ என்று அடுத்த பத்தியைத் தொடங்கினேன், விட்டுவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் இன்னும் டைரக்டருக்குப் போன் செய்யவில்லை. ஆகவே எனக்கும் முடிவு தெரியாது. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், மனசுக்குள் அவளை அழவைத்தும் பாருங்கள். ஆனால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அழு என்று சொல்ல அவளுக்கு ஏற்கெனவே ஒரு டைரக்டர் இருக்கிறார், போதாதற்கு ஒரு தம்பியும் இருக்கிறான்.